மூன்றாவது வட்டத்துப் பல்

துருவக் கடலின் அடியிலிருந்து குழாயில் அள்ளி வரும் சேற்றை வட்டம் வட்டமாக நறுக்கி, எது எந்த வருடம் படிந்தது என்று சொல்வதுதான் என் பிழைப்பு. வானத்திலிருந்து இறங்கும் கதிரியக்க ஈயம் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். இருபத்திரண்டு வருடத்தில் பாதியாகும். மிச்சத்தைக் கருவியில் எண்ணினால் சேற்றின் வயது வந்துவிடும்.

இந்த முறை குழாய் வந்த இடம் எனக்குப் பிடிக்காத இடம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்கா புருஷன் அங்கேதான் இதே மாதிரி குழாய் இறக்கும்போது கப்பலிலிருந்து தவறி விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. "காணவில்லை" என்று எழுதிக் கைகழுவிவிட்டார்கள். அதன்பின் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க இப்போது மறுபடி அங்கேயே போயிருக்கிறார்கள்.

மூன்றாவது வட்டத்தில் கத்தி இடறியது. கல் என்று நினைத்தேன். முன்பல். ஓரம் உடைந்திருந்தது. சோடா மூடியைப் பல்லால் திறக்கப் போய் மாமா உடைத்துக்கொண்ட பல் அது. அன்றைக்கு அவரை நான் ஓட்டாத ஓட்டு இல்லை. பின்பக்கம் சிகரெட் கறை அப்படியே இருந்தது.

முறைப்படி மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பல்லை எவனுக்கும் காட்டுவதாக இல்லை.

அக்காவிடம் கொண்டுபோனேன். பேக்கரிக்காரர் ஒருவர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுக் காத்திருந்தார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் புருஷன் ஒருநாள் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

பல்லை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஆளு சாகாமலே பல்லு மட்டும் கூட விழும்டி."

"லூசு மாதிரி பேசாதக்கா."

"உன் மெஷின்ல வச்சுப் பாரு. போயிட்டாருன்னு அது சொல்லட்டும். நான் பேக்கரிக்காரருக்குச் சரின்னு சொல்லிடறேன்."

அந்த வட்டத்துச் சேறு மாமா விழுந்த காலத்தையே காட்டியது. சிக்கல் பல்லில்தான். சிகரெட் புகையில் பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. ஐந்து மாதம் போவதற்குள் அது பாதியாகிவிடும். பன்னிரண்டு வருடத்தில் கறையில் ஒப்புக்குத்தான் ஏதாவது மிஞ்சும். ஆனால் நேற்றுப் புகைத்தவரின் பல்லில் இருக்கும் அளவுக்கு இருந்தது.

கருவியைக் கழுவினேன். வெறும் தட்டை வைத்து எண்ணினேன், ஒன்றும் இல்லை. பல்லை வைத்தேன், அதே அளவு. இரண்டு மாதம் வாராவாரம் எண்ணினேன். துளிகூடக் குறையவில்லை. தினமும் யாரோ புகைத்துக் கறையைப் புதுப்பிக்கிறார்கள் என்றால்தான் கணக்கு சரியாக வரும்.

ஒருநாள் மேலதிகாரி வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"யாரும்மா இங்க சிகரெட் பிடிச்சது?"

"நான் மட்டும்தான் சார் இருக்கேன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அக்காவிடம் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு மதியம் அவளே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"பேக்கரிக்காரரு இன்னும் எத்தனை நாள்டி காத்திருப்பாரு? எனக்கும் வயசாகுது. சொல்லு, உன் மாமா போயிட்டாரா இல்லையா?"

இவளை இன்னும் எத்தனை வருடம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார வைப்பது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"போயிட்டாருக்கா," என்றேன். "மாமா செத்துட்டாரு."

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, பேக்கரியில போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று எழுந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த வாரம் எண்ணினேன். குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் குறைந்தது. சிகரெட் வாடையும் நின்றுபோனது. நாலைந்து மாதத்தில் அக்கா கல்யாணம் நடந்து, நானும் போட்டோவில் பல்லைக் காட்டிவிட்டு வந்தபோது மிச்சம் பாதிதான். தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அக்காவிடம் சொன்ன அந்த மதியம் வரை கோடு மட்டமாக ஓடுகிறது. அங்கிருந்து, அன்றைக்குத்தான் செத்தவருக்கு இறங்குவது போல இறங்குகிறது.

அந்த இருட்டுத் தண்ணீருக்குள் எப்படியோ இத்தனை வருடம் இருந்தவரை நான் வாயாலேயே அனுப்பிவிட்டேன். தனியாக உட்கார்ந்து அழுதேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். பின்னால் பேக்கரிக்காரர் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன் மெஷின் நெஜமாவே அப்படித்தான் சொல்லுதா?"

"ஆமாக்கா," என்றேன். "இப்ப அப்படித்தான் சொல்லுது."