டேப்லெட்டுக்குப் பொட்டு இல்லை

ஆயுத பூசையன்று மாலைக்குள் தேவிப்ரியா ஒரு பதிலை அனுப்பியாக வேண்டும். வீட்டிலிருந்தபடி நிரல் எழுதுவோருக்கு டேப்லெட், மேசைக் கணினி ஆகிய இரண்டில் ஒன்றைத் தருவதாகத் திருச்சியிலுள்ள அவளுடைய நிறுவனம் அறிவித்திருந்தது. எது வேண்டும் என்பதை, கறம்பக்குடியில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவளைக் கேளாமலே முடிவு செய்துவிட்டார்கள்.

"டேப்பே வாங்கு தேவி," என்றான் கணவன் செம்மல். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களைப் பழுது பார்ப்பவன் அவன். "கரண்டு போனாலும் ஓடும். அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிட்டுப் போலாம். அம்மாம் பெரிய பொட்டிய எங்க வைக்கிறது?"

அவன் சொன்னதில் பிழையில்லை. ஓராண்டாக அவள் தன்னுடைய பழைய டேப்லெட்டில்தான் எழுதிவந்தாள். திரையில் விசைப்பலகை எழுந்தால் நிரலில் பாதி மறைந்துவிடும். இரண்டு முறை இடைவெளி தட்டினால், கேளாமலே ஒரு முற்றுப்புள்ளியை அது வைத்துவிடும். அந்த ஒரு புள்ளியால் நிரல் முழுவதும் படுத்துவிடும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று.

கட்டிலின் விளிம்பிலோ சமையலறை மூலையிலோ அமர்ந்து அவள் எழுதிக்கொண்டிருக்கையில், மாமியார் சின்னப்பிள்ளை யாரிடமாவது சொல்வார்: "தேவிதான? சும்மாதான் உக்காந்திருக்கா. இந்தா, வரச் சொல்றேன்." அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் வெங்காயம் உரிப்பதும், பக்கத்து வீட்டு அருணாவுக்குத் துணையாகக் கடைத்தெருவுக்குப் போவதும் வரிசையாக வந்து நிற்கும். சின்னப்பிள்ளை கொடியவர் அல்லர். டேப்லெட்டும் கையுமாக இருப்பவர்கள் படம் பார்ப்பதையே அவர் கண்டிருக்கிறார்.

கூடத்தில் அரிவாள், மண்வெட்டி, செம்மலின் ஸ்பேனர்கள், கிரைண்டர் என எல்லாம் துடைக்கப்பட்டு வரிசையாக நின்றன. சின்னப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில் தேவிப்ரியா தன் டேப்லெட்டை வைத்திருந்தாள்.

"இத எதுக்குத்தா இங்க வச்ச?" என்று அதை எடுத்த மாமியார், பொரித் தட்டின்மேல் சாய்த்து நிறுத்தினார். "இதுல சாமி பாட்டுப் போடு."

"அம்மா, அது அவ ஆயுதம்மா," என்று சிரித்தான் செம்மல்.

"ஆயுதமா? நேத்து அதுலதானடா நீ கிரிக்கெட் பாத்த?"

செம்மல் ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

தேவிப்ரியாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே தெளிவும் வந்தது. டேப்லெட் பாடிக்கொண்டிருக்க, அவள் அலைபேசியை எடுத்து, மேசைக் கணினியே வேண்டும் என்று பதில் அனுப்பினாள்.

"எங்க வைப்ப?" என்றான் செம்மல்.

"பீரோவ ரெண்டடி தள்ளுங்க. கரண்டு போனா ஓடுறதுக்கு ஒரு பேட்டரிய மாட்டிக் குடுங்க. மோட்டார் மெக்கானிக் வீட்டுல அதுக்கு வழியில்லன்னா ஊரே சிரிக்கும்ங்க."

கணினி வந்த நாளில், பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே அதற்கென்று ஓர் இடம் அமைந்தது. குங்குமச் சிமிழுடன் வந்த சின்னப்பிள்ளை, திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எதுத்தா வேல செய்யுது?"

"மேல இருக்குறது காட்ட மட்டுந்தான் அத்தை. வேல செய்யுறது கீழ இருக்குற பொட்டி."

சின்னப்பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெட்டியின் நெற்றியில் அளந்தாற்போல் ஒரு பொட்டு வைத்தார். திரைக்கு ஒன்றும் வைக்கவில்லை. சற்று யோசித்து, விசைப்பலகையின் ஓரத்தில் சிறிதாக இன்னொன்று வைத்தார். "இதுவுந்தான ஒங்கிட்ட அடி வாங்குது."

மறுவாரம் ஒரு முற்பகலில் வாசலில் அருணாவின் குரல் கேட்டது. "பெரியம்மா, தேவி சும்மாதான இருக்கு? கடைக்குக் கூட்டிட்டுப் போகவா?"

தேவிப்ரியாவின் விரல்கள் விசைகளின்மேல் நின்றன.

"சும்மாவா? நல்லாப் பாரு, மிஷின்ல இருக்கா. சாயங்காலமா வா."

தேவிப்ரியா திரும்பவில்லை. திறந்து விட்டிருந்த அடைப்புக்குறியை மூடிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். வாசலில் பேச்சு முடியவில்லை.

"சரி, நீ சும்மாதான இருக்க? வா, வந்து இந்த வெங்காயத்த உரி."