அய்யம்மாளின் லீவுப் பெட்டிகள்

பிள்ளை பெற்றவளுக்கு லீவும் கொடுத்து, அந்த லீவுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் முதன்முதலாக அது வாய்த்தது அய்யம்மாளுக்கு. மற்ற பெண்கள் பொறாமையில் வெந்தார்கள். இவளுக்கோ பயம். தான் இல்லாமலே கம்பெனி ஓடுவதைப் பார்த்துவிட்டால் திரும்பக் கூப்பிடுவார்களா? பெட்டி ஒட்டுகிற அந்த இடம் போனால், மறுபடியும் அடுத்தவர் கரிசக்காட்டில் களை வெட்டத்தான் போக வேண்டும்.

நாத்தனார் முத்துப்பேச்சி, அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பவள். அவள் ஒட்டிய பெட்டி சாயங்காலத்துக்குள் வாயைப் பிளந்துவிடும். கை மறந்துபோகுமே என்ற பயத்தில் அய்யம்மாள், ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவளுடைய பெட்டிகளையெல்லாம் ஒட்டித் தள்ளினாள். "மகராசியா இருங்க மதினி" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு லீவு யாருக்கென்றே தெரியாது.

ஒருநாள் மேஸ்திரி சீனிவாசகம் கூடையும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"முத்துப்பேச்சி கொண்டாந்த பெட்டி ஒண்ணுகூடப் பிரியலை. அதான் சந்தேகம் வந்திருச்சு. லீவுல வேலை பார்த்தா லீவுக் கூலி போயிரும், தெரியுமா தாயி?"

அய்யம்மாளின் விரலெல்லாம் பசை. மறைக்க வழியில்லை.

"கூலி போனாப் போகட்டும் அய்யா. என் இடத்துல மட்டும் வேற ஆளை உக்கார வச்சிராதீக."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வச்சுப் பாத்தாச்சு. அவ ஒட்டுன பெட்டி பிரிஞ்சு தீக்குச்சி அம்புட்டும் தரையில கெடக்கு. நீ எப்ப வருவேன்னு முதலாளியே கேட்டுக்கிட்டிருக்காரு. லீவு முடிஞ்சா உன் இடம் உனக்குத்தான், சட்டமே அப்படித்தான் சொல்லுது. இந்த ஒரு தடவை நான் எதையும் பாக்கலை."

பசைச் சட்டியைத் தூக்கி முத்துப்பேச்சியின் முன்னால் வைத்தார்.

"இனி நீயே ஒட்டு. பிரிஞ்சாப் பிரியட்டும். அப்பத்தான் எனக்கு நிம்மதி."

அய்யம்மாள் கையைக் கழுவினாள். பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பகலில் கண் மூடியதே இல்லை. அன்று பொழுது சாயும்வரை குறட்டை விட்டுத் தூங்கினாள், கம்பெனிக் கூலியில்.