செம்பறவை ஆண்டு

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து வைத்தேன். ஒரு டம்ளர் காபி போட்டேன். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன். இன்றைய தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் 97 என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை. கைலாசபுரத்துக்கு வேலைக்குப் போகவேண்டியதில்லை.

என் மனைவி கலைமதி இறந்து ஐம்பத்தாறு நாள் ஆகிறது. 97 வேறு கணக்கு.

அவள் கல்லூரியில் வரலாறு நடத்தினாள். ஜப்பானின் பழைய அரசர்கள் ஆண்டுகளுக்குப் பெயர் வைத்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வெள்ளைப் பறவை கிடைத்தால் ஒரு பெயர். செம்புத் தாது கிடைத்தால் ஒரு பெயர். ஸ்கேன் பார்த்து டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அன்று, தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் ஆட்டோவில் பேச்சை எடுத்தாள்.

“அறுநூத்தி எண்பத்தாறுல ஒரு ராஜாவுக்கு உடம்பு முடியலைங்க. பூஜை, தானம் எல்லாம் பண்ணிப் பாத்தாங்க. கடைசியில வருஷத்துக்கே பேர மாத்திட்டாங்க. ஷுச்சோ. செம்பறவைன்னு அர்த்தம்.”

“எதுக்கு?”

“புதுப் பேர் வச்சா நோய் போயிடும்னுதான். நாமளும் வைப்போமா?”

“எங்கம்மா சமயபுரத்துக்கு வேண்டியிருக்காங்க. அது போதாதா?”

“அது அவங்க டிபார்ட்மெண்ட். இது ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்.”

அன்று மாலை காலண்டரில் 1 என்று எழுதினாள், எங்கள் செம்பறவையின் முதல் நாள். பன்னிரண்டாம் நாளிலிருந்து அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் எழுதினேன்.

“ராஜாவுக்குச் சரியாயிடுச்சா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கட்டுரை வரட்டும், வாங்கிப் படிங்க. ஓசியில எல்லாம் கத சொல்ல முடியாது.”

சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். நாற்பத்தொன்றாம் நாள் வீட்டிலேயே இறந்தாள். மறுநாள் 42 என்று எழுதினேன். நிறுத்தினால் அவளுடைய காலம் முடிந்துவிடும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா ராக்கம்மாள் கேட்டார், கடைசியாக என்ன சொன்னாள் என்று. “அம்மான்னு கூப்பிட்டா” என்றேன். பொய். திருவெள்ளறையில் தெருத்தெருவாக அதைச் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் எனக்கு போன் செய்து, மறுபடி சொல்லச் சொல்கிறார். நானும் சொல்கிறேன்.

பத்து மணிக்கு விஜயராணி வந்தார். கலைமதியோடு வேலை பார்த்தவர். கல்லூரி மலருக்கான கட்டுரையை அச்சுத்தாளாகக் கொண்டுவந்திருந்தார்.

“ஒரு தடவ பாத்துட்டுக் குடுங்க சார். நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகுது.” காலண்டரைப் பார்த்தார். “தொண்ணூத்தேழுன்னா?”

“அவ கணக்கு.”

படித்தேன். ஏழு பக்கம். கடைசிப் பத்தி இது:

‘பெயர் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அரசர் இறந்தார். செம்பறவை அதோடு நின்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் பெயரில்லாமலே போயின.’

“இத எப்ப எழுதினா?”

“போன வருஷமே முடிச்சுட்டாங்களே சார். உடம்புக்கு வர்றதுக்கு முன்னாடி. உங்களுக்குத் தெரியாதா?”

ஆட்டோவில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

விஜயராணி தயங்கினார். “நான் ஒண்ணு யோசிச்சேன் சார். அந்தக் கடைசிப் பத்திய எடுத்துடலாமா? பேரு வச்சாங்கங்கிறதோட முடிஞ்சா நல்லாருக்கும். படிக்கிறவங்களுக்கும் மனசு கஷ்டமாயிருக்காது.”

“வேண்டாங்க. அவ எழுதினது அப்படியே இருக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காபி வேண்டாமென்று போய்விட்டார். சிவப்புப் பேனாவை எடுத்து 97-ஐ அடித்தேன்.

மதியம் ராக்கம்மாள் கூப்பிட்டார்.

“சாப்பிட்டீங்களா மாப்ள?”

“சாப்பிட்டேன் அத்த.”

“என்ன கொழம்பு?”

“ரசந்தான்.”

“ஒரு ரசத்த வச்சுக்கிட்டு ஒரு நாளா? சரி. இங்க எதுத்த வீட்டுக் காளியாயி வந்திருக்கா. வெளியூர்ல இருந்தால்ல, சாவுக்கு வர முடியல. எம் பொண்ணு என்னைய எப்படிக் கூப்பிட்டான்னு அவகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அத்த, அவ கூப்பிடல. நாந்தான் அப்படிச் சொன்னேன்.”

போனில் யாரோ எதையோ கேட்டார்கள். “இருடி” என்றார் அத்தை.

“நெசமாவா?”

“ஆமா அத்த.”

“அப்ப என்னதான் சொன்னா? அதையாவது சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். காலை ஆறு மணி. நான் காபி டம்ளரோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். கண்ணைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

“இன்னைக்கு நம்பர் போட்டுட்டீங்களா?”