வேலை நடக்கிறது, பிறகு வரவும்

கடையில் ஈ ஓட்டுவது எப்படி என்று பூட்டுக்காரருக்கு அந்த வருஷம்தான் தெரியவந்தது. அதற்கு முன்னால் அவருக்கு நேரம் இருந்ததில்லை. சாவி வெட்டும் மெஷினுக்கு அடியில் பித்தளைத் தூள் குவியும், மாலையில் கூட்டி அள்ளுவார். இப்போது கூட்டுவதற்கே ஒன்றும் இல்லை. சுவரில் தொங்கிய வெட்டாத சாவிகளின் மேல் தூசி மட்டும் தவறாமல் வந்து படிந்தது. இப்படியே போனால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஊரில் பூட்டுகள் குறைந்துவிடவில்லை. ஜனங்கள் சாவியைத் தொலைப்பதையும் நிறுத்திவிடவில்லை. ஒருநாள் எதிர்வீட்டு டீச்சரே எங்கிருந்தோ ஓர் ஆளை வரவழைத்துத் தன் கதவைத் திறந்துகொண்டார். பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் டீச்சர், நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"நான் என்ன செய்ய? துணைகிட்ட கேட்டேன். உங்க கடையில இன்னும் வேலை முடியலன்னு சொல்லிச்சு."

"கடை திறந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது. துணை சொல்லுதேன்னு விட்டுட்டேன்."

துணை என்பது எல்லார் போனிலும் இருக்கும் குரல். ஒரு காலத்தில் ஜனங்கள் இணையத்துக்குள் தாங்களே போய் வந்தார்கள். ஒரு பக்கத்தைப் பார்த்து, அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்புவார்கள். பிறகு தேடினால் போதும் என்று ஆனது. பிறகு கேட்டால் போதும் என்று ஆனது. இப்போது துணைதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது. அது சொன்னது சரியா என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் மனிதர்களுக்கு விட்டுப்போய்விட்டது.

பூட்டுக்காரர் தன் போனையே கேட்டுப் பார்த்தார். பக்கத்தில் பூட்டுக்கடை ஏதாவது இருக்கிறதா?

"ஒன்று இருக்கிறது. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளாக அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது," என்றது துணை. "பெரிய கட்டடமாக இருக்க வேண்டும்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இணையம் ஊருக்குப் புதிதாக வந்த நாளில், பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் இவருக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தார். மேலே கடையின் பெயர். நடுவில் மண்வெட்டியால் ஓயாமல் தோண்டும் ஒரு குட்டி மனிதன். அவன் காலடியில் 'வேலை நடக்கிறது, பிறகு வரவும்' என்று எழுதியிருக்கும். அடுத்த வாரம் முடித்துத் தருவதாகச் சொன்னவர் அதே வாரம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். குட்டி மனிதன் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பக்கத்தை வைத்திருந்த கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கி, அதை வேறொன்று விழுங்கியிருந்தது. கடைசியாக விழுங்கிய கம்பெனியில் ஆட்களே கிடையாது. பக்கத்தை மாற்றச் சொல்லிக் கூப்பிட்டபோது அங்கேயும் ஒரு துணைதான் பேசியது.

"நீங்கள்தான் இந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் என்பதற்கு ஆதாரம் வேண்டும்."

"அதுல என் கடை பேரு இருக்கே."

"இருக்கிறது. அந்தக் கடைக்காரர் நீங்கள்தான் என்பதற்கு?"

"நேர்ல வந்து பாருங்க."

"என்னால் இணையத்தில்தான் பார்க்க முடியும். பார்த்தேன். உங்கள் கடையைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. அது பிறகு வரச் சொல்கிறது."

வேறு யாராக இருந்தாலும் போனைத் தூக்கி எறிந்திருப்பார்கள். பூட்டுக்காரருக்கோ மரியாதை வந்தது. நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், "என் வீடுதான், சாவி உள்ளே மாட்டிக்கிச்சு" என்று சிரித்த ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவன் உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினான். மறுநாள் அந்த வீட்டு அம்மா, வெறும் வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இவர் இந்த வீட்டு ஆள்தான்" என்று சொன்னால் ஒழிய, தலைகீழாக நின்றாலும் பூட்டில் கை வைக்க மாட்டார்.

கம்பெனியிலும் ஏறக்குறைய அதே விதிதான் இருந்தது.

"உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கும் வேறு பக்கத்தின் சொந்தக்காரர் வந்து சொன்னால் போதும். அப்படி ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு சைக்கிள் கடை."

பூட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் அவருடைய தங்கையின் கணவர். இருவரும் பேசி ஒன்பது வருஷமாகிறது.

ஒரு மழை நாளில் மாப்பிள்ளை வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். தங்கையும் தெருவில் உள்ள எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கூப்பிட்டதும் பூட்டுக்காரர் கருவிப் பையோடு ஓடினார். முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். ஆனாலும், "பக்கத்து வீட்டுல யாராவது வரட்டும்" என்று சொல்லிவிட்டார். கல்யாணக் கூட்டம் திரும்பும்வரை மாப்பிள்ளை மழையில் நின்றார். பூட்டுக்காரரும் வீட்டுக்குப் போகாமல் கூடவே நனைந்தார். மாப்பிள்ளைக்கு அதுதான் இன்னும் எரிச்சல். அன்றோடு தங்கையும் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

வீம்பைப் பார்த்தால் கடை போய்விடும். பூட்டுக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். மாப்பிள்ளை ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், நிமிரவில்லை.

"இவர்தான் அந்தப் பூட்டுக்கடைக்காரரா?" என்று கம்பெனித் துணை கேட்டது.

"பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா பாருங்க," என்றார் மாப்பிள்ளை.

பூட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேறு யாரும் இல்லை. நீங்கள் மட்டும்தான்," என்றது துணை.

"அப்படியா? கஷ்டம்தான். மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

வெளியே வெயில் கொளுத்தியது.

"மாப்பிள்ளை, அன்னைக்கு உங்களை அப்படி நிக்க வெச்சது எனக்கு இன்னைக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் பூட்டுக்காரர்.

மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. இப்ப அதே மாதிரி நின்னா திறப்பீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை பிழைத்துவிடும். பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"மாட்டேன்," என்றார்.

மாப்பிள்ளை டியூபைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"எழுதிக்குங்க," என்று போனைப் பார்த்துச் சொன்னார். "என் பொண்டாட்டியோட அண்ணன். என் வீட்டு வாசல்லயே என்னை மழையில நிக்க வெச்சு, ஆதாரம் கேட்ட மனுஷன். இப்பக் கேட்டாலும் திறக்க மாட்டேங்கறார். இப்படி இன்னொரு ஆள் உலகத்துல இருக்க வாய்ப்பே இல்ல. இவரேதான்."

"பதிவு செய்துகொண்டேன்," என்றது துணை.

அன்று மாலையே குட்டி மனிதன் மண்வெட்டியோடு போய்விட்டான். அவன் இருந்த இடத்தில், விதிப்படி, மாப்பிள்ளையின் சாட்சியம் ஒரு வார்த்தை குறையாமல் ஏறியது. அந்தப் பக்கத்தில் படிக்க வேறெதுவும் கிடையாது. ஊரிலிருந்த துணைகளெல்லாம் அதைப் படித்தன.

மறுநாள் உச்சி வெயிலில் கடை வாசலில் ஒரு பெண் குடையோடு வந்து நின்றாள். தங்கை.

"கடை திறந்திருக்காமே, அண்ணா."

பூட்டுக்காரர் ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "குடை எதுக்கும்மா?" என்றார்.

"துணைதான் சொல்லிச்சு. நம்பிப் போகலாம், ஆனா ரொம்ப நேரம் வெளிய நிக்க வேண்டி வரும், குடை கொண்டு போங்கன்னு."

அவள் வீட்டுச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கு இன்னொண்ணு வெட்டணும். அவர்தான் கொடுத்தனுப்பினார். புதுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமாம். இனிமே மழை வந்தா யாரையும் கேக்க வேண்டாமாம்."

பூட்டுக்காரர் சுவரிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தூசியைத் துடைத்தார். அழுகை வந்தது, அடக்கவில்லை. அழுதுகொண்டே மெஷினை ஓட்டினார். பித்தளைத் தூள் கொட்டத் தொடங்கியபோது, கொளுத்தும் வெயிலில் மேலும் இரண்டு பேர் குடையோடு வந்து வாசலில் நின்றார்கள்.