காலிக் குப்பியில் வந்த தண்ணீர்

பதினான்கு நாளாக எனக்கு விடுப்பு கிடையாது. அணுக்களை எடை பார்க்கும் கருவியை ஓட்டுகிறவள் நான். அதற்குப் பெயர் நீளம், நாங்கள் மாமியார் என்போம். அதன் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு போயே போய்விட்டது.

விண்கல்லை அரைத்துக் கொண்டுவருபவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சமுத்திரம் என்றுதான் கூப்பிடுவோம். பூமிக்குக் கடல் எங்கிருந்து வந்தது, பிறக்கும்போதே இருந்ததா, வானத்துக் கற்கள் சுமந்து வந்தனவா என்று ஏழு வருஷமாக அவளுக்கு ஒரே பல்லவி. நாளைக் காலை அவள் வேலையை முடிவு செய்யும் குழு கூடுகிறது. முடிவைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விண்கல் தூளைக் காய்ச்சினால் உள்ளே சிறைப்பட்ட தண்ணீர் வெளியே வரும். அதில் கன ஹைட்ரஜன் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று எண்ணுவோம். கடலுக்கு நூற்று ஐம்பத்தாறு. இன்று மதியம் கல்லுக்கு நூற்று நாற்பத்தொன்பது வந்தது.

“அக்கா! கடலும் இதுவும் சொந்தக்காரங்கதான்க்கா!” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கையோடு குழுவுக்கு அனுப்பியும் விட்டாள்.

வழக்கப்படி கடைசியாகக் காலிக் குப்பி ஒன்றை ஓட்டினேன். அதில் ஒன்றுமே வரக் கூடாது. தண்ணீர் வந்தது. அதே நூற்று நாற்பத்தொன்பது.

உலர்த்தும் அடுப்பைப் போய்ப் பார்த்தேன். தூளையும் குப்பிகளையும் இரண்டு நாள் அதில் வைத்து, காற்றை உறிஞ்சியெடுக்க வேண்டும். இல்லையென்றால் அறையின் ஈரம் ஒட்டிக்கொள்ளும். பம்பு என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாயின் திருகு மூடிக் கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் அதைத் திறக்க மறந்த பாவி நான்தான். நாங்கள் எண்ணியது வானத்துத் தண்ணீரை அல்ல, எங்கள் மூச்சையும் தரை துடைத்த ஈரத்தையும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்வானேன், அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

“அந்தக் காலிக் குப்பிய இன்னிக்கு ஒரு நாள் ஓட்டாம விட்டிருக்கக் கூடாதாக்கா?”

“ஓட்டித் தொலைச்சிட்டேனேடி.”

“தூள் மிச்சம் இருக்கா?”

“ஒரே ஒரு தடவைக்கு இருக்கு. ஆனா காய ரெண்டு நாள் ஆகும்.”

“குழு நாளைக்கு.”

“தெரியும்டி.”

கணினியைத் திறந்து, அனுப்பிய முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினாள். “தூள் சரியா காயலன்னு மட்டும் போட்டிருக்கேன். உங்க பேர இழுக்கல” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வேலை வேறொருவருக்குப் போனது. அவள் மேசையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த நாள் மிச்சத் தூளை ஓட்டினேன். இந்த முறை திருகை மூன்று தடவை தொட்டுப் பார்த்திருந்தேன். முதலில் காலிக் குப்பி: ஒன்றுமில்லை. பிறகு கல். அதில் தண்ணீர் இருந்தது.

போன் போட்டேன். அவள் பக்கம் பேருந்துச் சத்தம் கேட்டது.

“எவ்வளவுக்கா?”

“நூத்தி அம்பத்தஞ்சு. கடலுக்கு ஒண்ணுதான் கம்மி.”

“இன்னொரு தடவ சொல்லுங்கக்கா.”

சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். திரையைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன்.