இரண்டாவது கேபிள்

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நோயாளிகளின் முடிவுகள் எல்லாம் ஒரு கணினிச் சேமிப்புப் பெட்டிக்குள் இருந்தன. சேர்வர் கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே, சுவரில் இருந்த ஒரு நெட்வேர்க் சுவிட்ச் வழியாக, ஒரே ஒரு கேபிள். கணினிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அது கமலாசனியின் கண்ணில் பட்டது; அது அறுந்தால் எல்லாம் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்துப் பெண், சும்மா இருக்கத் தெரியாதவள். கூட வேலை செய்த றிஸ்வியைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு கேபிள் இழுத்தாள்.

"இனி நிம்மதிதானே மிஸ்?" என்றான் றிஸ்வி.

"எங்க நிம்மதி? ரெண்டும் ஒரே சுவிட்சிலதானே போய் ஏறுது. அது செத்தால் ரெண்டும் சரி."

புதிய நெட்வேர்க் சுவிட்ச் ஒன்று வாங்கிச் சுவரில் பொருத்தி, இரண்டாவது கேபிளை அதன் வழியாகக் கொண்டுபோனாள். ஒரு வழி அறுந்தால் மறுவழியைப் பிடித்துக்கொள்ளும்படி சேர்வரையும் அமைத்தாள். ஒன்றைக் கழற்றிப் பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். மனேஜர் சுந்தரலிங்கமோ கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாங்க மிஸ். ஓடுறது ஓடட்டும். வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

கொழும்பில் குண்டு வெடித்தால் கண்டியில் கடை கடையாகச் சோதனை நடந்த காலம் அது. அப்படியொரு காலையில் இராணுவத்தினர் இருவர் உள்ளே வந்தார்கள். அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டிய சார்ஜன்ட், யாழ்ப்பாணமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓம்" என்று வாய் தவறி வந்துவிட்டது. "ஒவ்" என்று சிங்களத்தில் திருத்திக்கொண்டாள்.

அவர் பார்வை சுவரில் மினுங்கிய பழைய சுவிட்சில் போய் நின்றது. இது என்ன, கழற்றிக் காட்டு என்றார். சுந்தரலிங்கத்துக்கு முகம் வெளிறியது. கமலாசனிக்கோ உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

முன்னறையில் வேலை செய்யும் மஸீனா பிரின்டரில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு பிரின்டர் மறுபடி கறகறவென்று ஓடத் தொடங்கியது.

"மஸீனா, என்ன நடந்தது?"

"கொஞ்சம் இழுத்திச்சி மிஸ். இப்ப ஓடுது!"

றிஸ்வி கை தட்டியே விட்டான். இவர்களுக்கு என்ன வந்தது என்று சார்ஜன்ட் விழித்தார். கமலாசனி ஒரு வழி அறுந்தாலும் மறுவழியில் வேலை ஓடும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினாள். கேட்டவர் இரண்டு கேபிளையும் மாறி மாறிப் பார்த்து, வாசலில் நின்ற மற்றச் சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லி, சுவிட்சைத் திருப்பிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டே போனார்.

அதை மீண்டும் பொருத்தி, விளக்குகள் பச்சையாகும் வரை காத்திருந்தாள்.

"சேர், மற்றதையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பமோ?"

சுந்தரலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"தள்ளுங்க மிஸ். இத நான் புடுங்குறேன்."