இலை பார்த்த டொத்தோரே

நாற்பது வயது தாண்டியும் தாயின் வீட்டில், தாயின் பென்சனில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கஞ்சாச் செடியின் இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது. இங்கே இத்தாலியில், நான் வேலை செய்கிற லிபெர்த்தாப் பக்கம், படித்த ஐயாமாரைக் கூப்பிடுவதுபோல ‘டொத்தோரே’ என்று கூப்பிடுகிறார்கள். என்ன படித்தான் என்று இதுவரை எனக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் சம்பளம் அந்த வீட்டில் அல்லவா?

அவன் பெயர் கிறிகோரியோ. நான் பார்த்துக்கொள்வது அவனுடைய தாய் சின்யோரா அகஸ்ரீனாவை. வயதான மனுசி, இருதயம் பலவீனம். பல்கனியில் அவன் வைத்திருப்பது மூன்று தொட்டி. இலை விரல் விரலாக இருந்ததால் முதலில் மரவள்ளி என்று நினைத்து, கிழங்கு எப்போது கிண்டுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவன் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

வெயில் தொடங்கிய நேரம் அதில் ஒன்று நோயில் விழுந்தது. இலை நரம்பு பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சள், ஓரம் கருகல். செத்த வீடு மாதிரி ஆர்ப்பாட்டம். முதலில் நைட்ரஜன் குறைவு என்றான், ஒரு போத்தல் வந்தது. பிறகு, இல்லை, மக்னீசியம் என்றான், இன்னொரு போத்தல். அதற்குப் பிறகு கல்சியம். அதுவும் சரிவராமல் மண்ணின் புளிப்பைப் பார்க்க ஒரு கருவி வாங்கினான். போனில் முகம் தெரியாத எவனுக்கோ படம் அனுப்பி, அவன் சொல்வதை வேதவாக்காக எடுத்தான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள், இவனுக்கு ஒரு செடியே போதவில்லை. மற்ற இரண்டும் அதே மண்ணில் செழித்து நிற்க, இது மட்டும் ஏன் வாடுகிறது என்று அந்த மூளைக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லைதான். ஆனால் நான் டொத்தோரே இல்லையே!

அந்த நாட்களில்தான் சின்யோராவின் கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு ஏறவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது.

“அம்மான்ர காலை ஒருக்காப் பாருங்கோ, டொத்தோரே” என்றேன்.

“வெயிலுக்கு எல்லாக் கிழவியளுக்கும் வீங்கும், பிரேமினி.” இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அறுவான்! இலை மஞ்சளானால் பூதக்கண்ணாடி, பெத்த தாய் வீங்கினால் வெயில்.

கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. நான் தண்ணீரை அள்ளி ஊற்றி வேரை அழுகவைத்தேனாம். “இது செத்தால் நீர் வேற வீடு பாரும்” என்றான். வேலை போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் இல்லாமல் இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, பெர்மெசோ, புதுப்பிக்க ஏலாது. கபோ சந்தையில் மீன் வெட்டுகிற என் மனுசன் தனுசனுக்குப் போன் எடுத்து அழுதேன்.

“வாயைப் பொத்திக்கொண்டு இருமப்பா. எங்களுக்கேன் அவங்கட வில்லங்கம்?” என்றார் அவர்.

சின்யோராவுக்கு விழுங்கக் கஷ்டம். அதனால் வீக்கம் வற்றுகிற குளிசையையும் உப்பு மருந்துத் தூளையும் டொக்டர் சொன்னபடி ஒரே கிளாசில் கரைத்து, தினமும் காலையில் பல்கனிக் கதிரையில் வைத்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுக் கட்டில் விரிக்கப் போய்விடுவேன். அவன் வெருட்டிய மறுநாள் உடுப்புக் காயப்போட வேண்டி உடனே திரும்பி வந்தேன். மனுசி கதிரைக்குப் பக்கத்துத் தொட்டிக்குள் கிளாசை ஆறுதலாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த நோய் பிடித்த தொட்டிக்குள்தான்.

“ஐயோ சின்யோரா, என்ன செய்யிறியள்?”

“கசக்குது, பிள்ளை. குடிச்சால் நாள் முழுக்கக் கக்கூசிலைதான் இருக்கவேணும். அவனிட்டைச் சொல்லிப் போடாதையும்.”

சொன்னால் நான் கவனிக்கவில்லை என்று துரத்துவான். சொல்லாவிட்டால் மனுசி போய்ச் சேர்ந்துவிடும். குனிந்து அவருடைய காலை விரலால் அமத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. வருவது வரட்டும் என்று உள்ளே போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அம்மாவுக்குள்ளை மருந்து ஒரு சொட்டும் போகேல்லை, டொத்தோரே. எல்லாம் உங்கட தொட்டிக்குள்ளை.”

அவன் முகம் வெளிறியது. துள்ளி எழும்பினான். “அந்த மருந்துப் பெட்டி எங்கை?”

என்ன இருந்தாலும் பெத்த பிள்ளை பிள்ளைதான், இவ்வளவு நாளும் திட்டினேனே என்று எனக்கு வெட்கமாகக்கூட வந்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் படித்துப் போனில் தட்டினான். டொக்டருக்கு எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். போனில் செடியின் படம் இருந்தது. அதற்குக் கீழே மருந்திலிருந்த உப்பின் பெயரை எழுதியிருந்தான்.

“பொட்டாசியம்! அதுதான் மக்னீசியத்தை ஏற விடேல்லை!” லொத்தர் விழுந்தவன் மாதிரிச் சிரித்தான். “மண்ணைக் கழுவினால் தப்பும், பிரேமினி. தண்ணி கொண்டு வாரும், கெதியா!”

வெளியே சின்யோரா மூச்சை இழுத்து இழுத்து விடுவது எனக்குக் கேட்டது. வேலையும் மண்ணாங்கட்டியும்! அவன் கையிலிருந்த போனைப் பறித்து அம்புலன்சுக்கு அடித்தேன். அவன் கத்திக்கொண்டே தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனான்.

அம்புலன்ஸ்காரர் படியேறி வந்து, வீட்டுக்காரர் ஒருவரும் இல்லையா என்று கேட்டார்கள்.

“ஏன் இல்லை, மகன் நிக்கிறார்” என்று பல்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டேன். “அம்மாவுக்குப் பக்கத்திலைதான். செடிக்குத் தண்ணி ஊத்துறார்.”